காலையில் வெள்ளை, சாயங்காலம் மஞ்சள்

"உங்க வீட்டுல யாராச்சும் வைரம் போட்டிருக்காகளா, தாயி?"

அழகம்மாள் இதைக் கேட்டபோது மணி பத்து இருக்கும். ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் நகைக்கடையின் முன் மேசையில் வெயில் விழுந்திருந்தது. வெயிலுக்கு நடுவே ஒரு வெள்ளைத் தாள். தாளின் மேல் ஒரு ஜோடி ஏழு கல் தோடு. அவர் குரலை உயர்த்தவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

"இல்லம்மா," என்றேன்.

"அதான பாத்தேன். போட்டுப் பழகின வீட்டுப் பிள்ளையா இருந்தா கல்லைத் தொடுத விதமே வேறயா இருக்கும்."

பக்கத்தில் அவருடைய கணவர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண் கோமதி ஃபோனைப் பார்த்தாள். முதலாளி என்னைப் பார்த்தார்.

நான் கல்லை மாற்றிவிட்டேன் என்று அழகம்மாள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்ல வந்தது அதுதான் என்று கடையில் இருந்த எல்லோருக்கும், கொலுசு வாங்க வந்து ஓரமாக நின்ற வேறொரு பெண்ணுக்கும்கூட, விளங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் வைரம் மட்டுமா கிடையாது? எனக்கு முன்னால் யாரிடமும் பள்ளிக்கூடச் சான்றிதழே கிடையாது. அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அம்மா குருவம்மாள் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறவள். நான் இயற்பியலில் பட்டம் வாங்கிய கதையை இந்தத் தொடரில் போன வாரம் எழுதி முடித்தேன். இது அதற்குப் பிறகு, கடைக்கு வந்த ஐந்தாவது மாதம் நடந்தது.

வீட்டுக்குப் போய்வரும் கல்

எங்கள் பக்கத்தில் வைரத்தைப் பார்த்தவுடன் வாங்கிவிட மாட்டார்கள். முதலில் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள், அல்லது போட்டுக்கொண்டு நடமாடுவார்கள். ஒரு வாரமோ பத்து நாளோ கழியும். அதற்குள் நல்லது நடந்தால் கல் அந்த வீட்டுக்குச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கெட்டது நடந்தால் டப்பாவோடு திரும்பி வரும். முதலாளியும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கி வைத்துக்கொள்வார். தெரிந்த குடும்பங்களுக்கு மட்டும்தான் இந்த ஏற்பாடு.

அப்படித் திரும்பி வந்ததற்கான காரணங்களை ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சேத்தூர்க்காரர் ஒருவர், கம்மல் வந்த அன்றைக்கே கிணற்று மோட்டாரில் காயில் போய்விட்டது என்று கொண்டுவந்து வைத்தார். இன்னொரு வீட்டில் மாமனாருக்குப் பல்வலி. கான்சாபுரத்துக்குப் போன மூக்குத்தி ஒன்று, அதைப் போட்ட நாளிலிருந்து மருமகள் எதிர்த்துப் பேசுகிறாள் என்று மாமியார் கையாலேயே திரும்பி வந்தது. மறு வாரம் அந்த மருமகள் தனியாக வந்து அதே மூக்குத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

முதலில் இதையெல்லாம் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. புத்தகத்தைப் படித்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தவளின் சிரிப்பு. இப்போது அப்படிச் சிரிக்க மாட்டேன். ஒரு பொருளை நம் வீட்டு வெளிச்சத்தில் நாலு நாள் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவதில் என்ன தப்பு? அழகம்மாளின் தோட்டில் இருந்த விஷயத்தைக் கண்டுபிடித்ததே அந்தப் பழக்கம்தான். கண்டுபிடித்தது என்னவென்று எங்களுக்குப் புரிவதற்குத்தான் இரண்டு நாள் ஆயிற்று.

பதினொரு மணிக்கு மேல் கிடையாது

முதலாளியிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. வைரத்தைக் காலை வெயிலில்தான் காட்டுவார். கடை கிழக்கு பார்த்தது, முன்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். பதினொரு மணிக்கு மேல் எவ்வளவு பெரிய வீட்டிலிருந்து வந்தாலும், தங்கத்தை மட்டும் காட்டிவிட்டு, "வைரத்துக்கு நாளைக்குக் காலையில வாங்க" என்று அனுப்பிவிடுவார். அவருடைய அப்பா காலத்திலும் அப்படித்தானாம். விளக்கு ஏமாற்றிவிடும், வெயில் ஏமாற்றாது என்பது அவர் கணக்கு.

கல்லுக்குக் கல் ஜோடி சேர்ப்பதும் அதே வெயிலில்தான். வெள்ளைத் தாளை மடித்து, மடிப்பில் கற்களை வரிசையாக வைத்து, மூச்சுப் படாமல் குனிந்து பார்ப்பார். தோட்டுக்கு ஏழு, ஜோடிக்குப் பதினாலு. பதினாலும் ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும். அழகம்மாள் வீட்டுத் தோட்டுக்குக் கல் சேர்த்த காலையில் நானும் பக்கத்தில் நின்றேன். நடுக்கல் இரண்டையும் தாளில் உருட்டிவிட்டு, "பாப்பா, எது வலது, எது இடதுன்னு சொல்லு பாக்கலாம்" என்றார். எனக்குத் தெரியவில்லை. "எனக்கும் தெரியாது. அதான் ஜோடி" என்று சந்தோஷமாக மூக்கை உறிஞ்சினார்.

தோடு தயாரானதும் சுந்தரபாண்டியத்திலிருந்து மூன்று பேரும் காரில் வந்தார்கள். கோமதி போட்டுப் பார்த்தாள். இடது காதுத் தோட்டின் திருகு இறுக்கமாக இருந்தது. நான் அதை உள்ளே பட்டறைக்குக் கொண்டுபோய், ஆசாரியிடம் கொடுத்துச் சரிசெய்து, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

தோடு வீட்டுக்குப் போனது. அன்று சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பார்க்க வந்துவிட்டார்கள். ஹாலில் எல்இடி விளக்குக்குக் கீழே டப்பாவைத் திறந்தால் இடது தோட்டின் நடுக்கல் மட்டும் மஞ்சள். சுற்றி இருந்த ஆறும் வெள்ளை. வலது தோட்டில் ஏழும் வெள்ளை. மாப்பிள்ளைக்கு அத்தை முறையாகிற ஒருத்தி, "என்ன மதினி, ஒத்தைக் கல்லுக்கு மட்டும் மஞ்சக்காமாலை வந்திருக்கு?" என்று கேட்டிருக்கிறாள்.

சம்பந்தி வீட்டார் முன்னால் கேட்ட கேள்வி. அழகம்மாள் அன்று தூங்கியிருக்க மாட்டார். எந்தத் தோடு கடைக்குள்ளே போய் வந்தது என்று மட்டும் யோசித்திருப்பார்.

மேசைக்கு மேல்

மறுநாள் காலையில்தான் அந்த முதல் கேள்வி. அது கேட்கப்பட்டு முடியும் வரை எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாளின் மேல் கிடந்த தோட்டை யாரும் பார்க்கவில்லை. பிறகு முதலாளி லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"அம்மா, செத்த இங்க பாருங்க," என்றார்.

அழகம்மாள் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பதினாலு கல்லும் வெள்ளை.

"நேத்து மஞ்சளா இருந்துச்சு."

"இப்ப வெள்ளையா இருக்கேம்மா."

"ஏங்க, நீங்க சொல்லுங்க. மஞ்சளா இருந்துச்சா இல்லையா?"

சுபேதார் தொண்டையைச் செருமினார். "நேத்து சாயங்காலம் மஞ்சள். இன்னிக்குக் காலையில வெள்ளை," என்றார், மேலதிகாரிக்குத் தகவல் சொல்வது போல.

"அப்ப எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"ஒனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்," என்றாள் கோமதி.

"நீ சும்மா இருட்டி. ஒன் கல்யாணத்துக்குத்தான் இம்புட்டும்."

அவர்கள் தோட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். அழகம்மாள் டப்பாவைத் தன் கைப்பையில் தானே வைத்தார். நான் தொடக்கூடாது என்பதற்காக இரண்டு கையாலும் வைத்தார். அந்தச் செய்கைதான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

சாயங்காலம் ஆறு மணிக்கு முதலாளியின் ஃபோனுக்குப் படம் வந்தது. எல்இடி விளக்குக்குக் கீழே எடுத்தது. இடது நடுக்கல், பழுத்த எலுமிச்சம்பழத் தோலைத் தண்ணீரில் கரைத்தது போன்ற மஞ்சள். கீழே சுபேதார் இரண்டே சொல் எழுதியிருந்தார்: "மறுபடி மஞ்சள்."

முதலாளி ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். கோபமோ குழப்பமோ வந்தால் அவருக்குத் தெலுங்குதான் வரும். கூரையைப் பார்த்து ஏதோ தெலுங்கில் சொல்லிவிட்டு, என்னிடம் தமிழில் சொன்னார்.

"பாப்பா, நான் ஒன்னைச் சந்தேகப்படல. ஆனா அவிய நாளைக்கும் வாராக. தோஷம்னு சொல்லுவாக, இல்ல மாத்திட்டாகன்னு சொல்லுவாக. ரெண்டு நாள் நீ கடைக்கு வராம இரு. பொறவு பாத்துக்கிடலாம்."

"வராம இருந்தா நான் எடுத்த மாதிரி ஆயிருமே, மொதலாளி."

அந்த இரண்டு நாள் இரண்டு நாளோடு முடியாது என்று எனக்குத் தெரிந்தது. கல்லை மாற்றியவள் என்று பேர் வந்தால் இந்த ஊரில் மட்டுமல்ல, பக்கத்து ஊர்களிலும் எந்தக் கடையிலும் என்னை உட்கார வைக்க மாட்டார்கள். பட்டம் வாங்கியவள் என்று எங்கள் தெருவில் அம்மா சொல்லிக்கொண்டு திரிந்த அதே வீடுகளுக்கு இந்தச் செய்தியும் போகும்.

கோன்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. பால்கோவாக் கடைகளின் கொதிபால் வாசனை வந்ததும்தான் எங்கள் ஊர் வந்ததே தெரிந்தது.

அம்மா பகல் ஷிப்ட் முடித்து வந்து, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயத்தைக் கடித்தபடியே கேட்டு முடித்தாள்.

"காலையில வெள்ளை, சாயங்காலம் மஞ்சள். அம்புட்டுதான?"

"அம்புட்டுதான்."

"கல்லு அதே கல்லு?"

"அதே கல்லுதான். அவிய பையிலதான் இருந்துச்சு."

"அப்ப லைட்டுதான வேற. இதுக்கா அழுத?"

"அழல."

"கண்ணு செவந்திருக்கு."

"பஸ்ஸுல காத்து."

அவள் தட்டைக் கழுவப் போனாள். முற்றத்துக் குழாயடியிலிருந்து தொடர்ந்து பேசினாள். "எங்க மில்லுல நூல் சுத்துத கோன் இல்லையா? பகல்ல பாத்தா எல்லாக் கோனும் ஒரே வெள்ளைதான் இருக்கும். எந்தச் சூப்பர்வைசரு வந்தாலும் பிரிக்க முடியாது. கூண்டுக்குள்ள வெச்சு ஊதா லைட்டைப் போட்டா, வேற பஞ்சுல ஓட்டுன கோன் மட்டும் தனியா நிக்கும். ஒரு நாளைக்கு எம்புட்டுக் கோனைப் பாத்துத் தள்ளுதேன். ஒங்க கடையில அந்த லைட்டு இல்லையா?"

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

புற ஊதா ஒளி. ஒளிர்தல். இரண்டாம் ஆண்டு ஆய்வகத்தில் இருட்டறையில் நான் செய்த சோதனை. தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மூன்றாம் ஆண்டில் படிகங்களின் குறைபாடுகள் என்று ஒரு முழுப் பாடம், வைரத்தையே உதாரணமாக வைத்து. அதெல்லாம் என் தலைக்குள் ஒரு அலமாரியில் இருந்தது. கடை இன்னொரு அலமாரியில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த கதவைத் திறக்க, எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்காத ஒருத்தி ஈரக் கையோடு வரவேண்டியிருந்தது. அவளுக்குத் தான் எதையும் திறந்ததாகவே தெரியாது. "தோசை மாவு இருக்கு, ஊத்தட்டா?" என்று கேட்டாள்.

நோட்டு விளக்கு

மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டேன். முதலாளி ஷட்டரைத் தூக்கும்போது நான் படியில் நின்றேன்.

"வர வேணாம்னு சொன்னேனே."

"செத்த நேரம் மட்டும், மொதலாளி. அவிய முன்னாடி ஒண்ணு காட்டிட்டுப் போயிருதேன்."

கல்லாவுக்குப் பக்கத்தில் கள்ள நோட்டுப் பார்க்கிற சின்ன ஊதா விளக்கு ஒன்று எல்லாக் கடையையும் போல எங்கள் கடையிலும் உண்டு. ஐந்து மாதமாக அதன்மேல் என் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டிருந்தேன். அதைத்தான் எடுத்தேன்.

அழகம்மாள் குடும்பம் வந்தது. முதலில் வெயிலில் எல்லோரும் பார்த்தோம். மறுபடி வெள்ளை. பிறகு உள்ளறைக்கு வரச் சொன்னேன். பெட்டகம் இருக்கிற அறை, ஜன்னல் கிடையாது. அழகம்மாள் தயங்கினார். "டப்பா உங்க கையிலயே இருக்கட்டும்மா. நான் தொடல," என்றேன். டப்பாவை அவரே திறந்து பிடித்தார். சுபேதார் கதவருகே காவல் நின்றார். முதலாளி குழல்விளக்கை அணைத்தார். நான் ஊதா விளக்கைப் போட்டேன்.

பதின்மூன்று கல் இருட்டில் கிடந்தது. இடது தோட்டின் நடுக்கல் மட்டும் நீலமாக எரிந்தது. கேஸ் அடுப்பைச் சிறிதாக வைத்தால் வருகிற நீலம். அதற்குள் யாரோ உட்கார்ந்து எரிப்பது போல அசையாமல் இருந்தது.

கோமதி டப்பாவுக்கு மேல் குனிந்தாள். "யம்மா, எம்புட்டு அழகா இருக்கு."

"இது என்ன கூத்து?" என்றார் அழகம்மாள். குரல் இறங்கியிருந்தது.

சொட்டு நீலம்

நான் கல்லூரியில் கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். அப்போதுகூட அவ்வளவு கவனமாகப் பேசியதில்லை.

வைரம் வெறும் கரி. கரி அணுக்கள் பூமிக்கு வெகு ஆழத்தில், பெரிய சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டன. அப்படிப் பிடித்ததில் எந்தக் கலப்பும் எந்தக் கோணலும் இல்லாவிட்டால் வைரத்துக்கு நிறமே இருக்காது. அங்கங்கே ஒரு கரியின் இடத்தில் நைட்ரஜன் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாம் மூச்சு விடும் காற்றில் இருக்கிற அதே நைட்ரஜன்தான். அது வெளிச்சத்தில் இருக்கிற நீலத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். நீலம் குறைந்தால் மிச்சம் மஞ்சளாகத் தெரியும். உங்கள் நடுக்கல் பிறக்கும்போதே மஞ்சள் சாயல் உள்ளதுதான்.

"அப்ப காலையில எப்படி வெள்ளையாச்சு?" என்று கேட்டது முதலாளி.

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளி இருக்கிறது. இந்த ஊதா விளக்கிலும் அது இருக்கிறது. வீட்டு எல்இடி விளக்கில் அது கிடையாது. சில கற்களில் அந்த நைட்ரஜன் கூட்டமாகச் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் விதத்தால், இந்த ஒளி பட்டதும் கல்லே நீலமாக ஒளிரும். கல்லில் இருக்கிற மஞ்சளும், ஒளிர்கிற நீலமும் சேர்ந்தால்...

நான் சரியான வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். அழகம்மாள் எனக்கு முன்னால் சொன்னார்.

"இவிய வேட்டிக்கு நீலம் போடுதாப்புல."

"ஆமாம்மா. அதேதான்."

"பழுத்துப்போன வேட்டியா இருந்தாலும் ஒரு சொட்டு நீலத்துல முக்கி எடுத்தா வெள்ளை வெளேர்னு இருக்கும். முப்பது வருசமா முக்குதேன்." கணவரின் இடுப்பைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சுபேதார் ஓரடி பின்வாங்கினார்.

"நேத்துக் காலையில இங்க வெள்ளையா பாத்த கல்லு," என்றேன். இதைச் சொல்லத்தான் வந்தேன். "நீங்களே பையில வெச்சு, நீங்களே கொண்டுபோனீக. நான் தொடல. அது உங்க வீட்டுல மஞ்சளாச்சு. இன்னிக்கு உங்க கையிலயே வெள்ளையாச்சு. கல்லை யாரும் மாத்தலம்மா. வெளிச்சம்தான் மாறுது."

அழகம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை. கையிலிருந்த டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"பிடி. நீ பாத்துச் சொல்லு, இதை என்ன செய்யலாம்னு."

முதலாளி முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெயிலில் மட்டும் ஜோடி சேர்த்ததால், வெயிலில் மட்டும் ஜோடியாக இருக்கிற இரண்டு கல்லைச் சேர்த்துவிட்டார். தப்பு என்று சொன்னால் அவ்வளவுதான் தப்பு. வேறு வெள்ளைக் கல் வைத்துத் தருவதாக உடனே சொன்னார். ஆனால் கோமதி ஒத்துக்கொள்ளவில்லை.

"இந்தக் கல்லு இருக்கட்டும். அந்தக் காதுக்கும் இதே மாதிரி எரியுத கல்லு வைங்க. காலையில ரெண்டும் வெள்ளை, சாயங்காலம் ரெண்டும் மஞ்சள். ரெண்டு தோடு வெச்சிருக்காப்புல."

"மாப்பிள்ளை வீட்டுல கேட்டா?"

"நான் சொல்லிக்கிடுதேன். சொட்டு நீலம்னு சொன்னா அந்த அத்தைக்குப் புரியும்."

கடையில் இருந்த வைரப் பொட்டலங்கள் அத்தனையையும் அன்று முதலாளி என் முன்னால் வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாக ஊதா விளக்கில் பிரித்தேன். சிலது நீலமாக எரிந்தது, பலது சும்மா கிடந்தது, ஒன்று மங்கலான பச்சையாகக்கூட ஒளிர்ந்தது. மதியத்துக்குள் கோமதியின் வலது காதுக்கு ஜோடி கிடைத்துவிட்டது. அம்மா கோன் பார்க்கும்போதும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற நிறங்கள்

அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். நீல வைரம் என்று ஃபோனில் பார்த்தோமே, அது சாயமா என்று. சாயம் இல்லை. நைட்ரஜன் இல்லாத கல்லில் போரான் என்ற பொருள் துளி நுழைந்தால் நீலம். துளி என்றால், ஒரு மூட்டை அரிசியில் ஒன்றிரண்டு அரிசியை மாற்றி வைத்த அளவுதான்.

பச்சை வருவது வேறு விதம். பூமிக்குள் பக்கத்தில் இருக்கும் பாறையிலிருந்து கதிர்வீச்சு பட்டுப் பட்டு, அணுக்கள் இடம் பெயர்ந்து வரும் நிறம். பல கற்களில் அது மேல்தோலோடு நின்றுவிடும். பட்டை தீட்டினால் போய்விடும். கதிர்வீச்சை இயந்திரத்தில் பாய்ச்சியும் அந்தப் பச்சையைக் கொண்டுவருகிறார்கள் என்பதால், இயற்கையா செயற்கையா என்று சொல்வது பெரிய ஆய்வுக்கூடங்களுக்கே கஷ்டம். கறுப்பு என்றால், கல்லுக்குள் பென்சில் கரி மாதிரிப் பொடிகள் நிறைந்து கிடக்கின்றன என்று அர்த்தம்.

எனக்குப் பிடித்தது இளஞ்சிவப்பும் பழுப்பும். அவற்றில் வேறு பொருள் எதுவும் நுழைந்திருக்க வேண்டியதில்லை. கல் உருவான பிறகு, பூமி அதை மறுபடி நெருக்கி முறுக்கியதில் அணுக்களின் வரிசை கோணிப்போனதால் வருகிற நிறம். ஏன் ஒன்று சிவப்பாகவும் இன்னொன்று பழுப்பாகவும் ஆகிறது என்பதை முழுக்கச் சொல்லிமுடித்தவர்கள் இல்லை. இதை நான் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாகிவிடுகிறது. எனக்கு அது நிம்மதியாக இருக்கிறது. இன்னும் படிக்க மிச்சம் இருக்கிறது.

நீலத்தையும் இளஞ்சிவப்பையும் நான் நேரில் பார்த்ததில்லை. எங்கள் கடைக்கு அதெல்லாம் வராது. பழுப்பு வரும். வெள்ளைப் பொட்டலத்தில் தெரியாமல் கலந்து வரும். முதலாளி அதை ஒதுக்கி ஒரு மருந்து டப்பாவில் போட்டு வைப்பார். யாரும் கேட்பதில்லை.

சீட்டு

கோமதி கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. கடைக்கு ஒன்று, எனக்குத் தனியாக ஒன்று. உறைமேல் சுபேதாரின் நிமிர்ந்த கையெழுத்தில், "செல்வி தமிழ்ச்செல்வி, பி.எஸ்சி." என்று இருந்தது. வீட்டில் அதைக் காலண்டருக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறோம். எழுத்து வெளியே தெரிகிற மாதிரிதான் சொருகியிருக்கிறோம்.

மண்டபத்தில் அழகம்மாள் என்னை இழுத்துக்கொண்டு போய் அந்த அத்தையிடம் நிறுத்தினார். "இந்தப் பிள்ளைதான். இவ பாத்துச் சொன்னா சரியா இருக்கும்." பிறகு என்னைத் தனியாகப் பார்த்து, "ஒங்க அம்மா என்ன வேலை பாக்காக?" என்று கேட்டார். மில்லில் ஊதா விளக்கில் கோன் பார்க்கிறார் என்றேன். "அதான பாத்தேன்," என்றார். அதே இரண்டு வார்த்தை. இந்த முறை எனக்கு இனித்தது.

முதலாளி இப்போதும் வைரத்தைக் காலை வெயிலில்தான் காட்டுகிறார். அதை மாற்றச் சொல்ல எனக்கு வாய் வராது, தேவையும் இல்லை. ஆனால் வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு டப்பாவிலும் இப்போது ஒரு சீட்டு போகிறது. நான் எழுதிக்கொடுத்ததை அவர் அச்சடித்தார். வெயிலில் நிறம், வீட்டு விளக்கில் நிறம், ஊதா விளக்கில் நிறம் என்று மூன்று கட்டம். கீழே "சோதித்தவர்" என்று ஒரு கோடு. கோட்டின் மேல் என் கையெழுத்து. சீட்டு வந்த பிறகு திரும்பி வரும் கற்கள் குறைந்திருக்கின்றன. மோட்டார் காயில் போவது மட்டும் குறையவில்லை.

போன வாரம் அந்த மருந்து டப்பாவைத் திறந்து, முதலாளியிடம் விலை கொடுத்து ஒரு பழுப்புக் கல்லை எடுத்தேன். கடுகை விடக் கொஞ்சம் பெரியது. ஆசாரி அதை மூக்குத்தியாக வைத்துக் கொடுத்தார். அம்மாவின் மூக்கில் இருந்த துளை ஈர்க்குச்சி போட்டே பழகியது. திருகும்போது, "கருப்பட்டி நெறத்துல இருக்கே, நெசமாவே வைரமா?" என்று கேட்டாள்.

"கருப்பட்டி நெறத்துலயும் வைரம் உண்டு. நான் சோதிச்சிருக்கேன்."

"சேருமா?"

"பத்து நாள் போட்டுப் பாரு."

அந்தக் கல்லுக்கும் சீட்டு எழுதினேன். வெயிலில் பழுப்பு. வீட்டு விளக்கில் பழுப்பு. மூன்றாவது கட்டத்தை வேண்டுமென்றே நிரப்பவில்லை. கோட்டின் மேல் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும்; நிறத்தை அவள் வந்து சொன்னால் நான் எழுதிக்கொள்வேன். இன்று அவளுக்குப் பகல் ஷிப்ட். மூக்குத்தியோடுதான் போயிருக்கிறாள். கூண்டுக்குள் தலையை நீட்டி, கோனுக்குப் பக்கத்தில் மூக்குத்தி என்ன நிறமாகத் தெரிகிறது என்று பார்க்கச் சொல்லி, முகம் பார்க்கிற கைக்கண்ணாடி ஒன்றையும் சீட்டையும் பேனாவையும் அவள் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்பிவிட்டேன்.